கிருத்திகைக்கு ஊசி இல்லை

ராட்டைச் சத்தம் நின்றிருந்தது.

வியாதிக்காரர்களுக்கு வேலை பழக்கும் தொழில் அறையில் ஏழெட்டுப் பெண்கள் நூல் சுற்றும்போது ஒரு ராட்டை நின்றால் யாருக்கும் தெரியாது. ஆனால் பழனியம்மாளின் ராட்டை எனக்குத் தெரியும். அதன் சக்கரத்தில் ஒரு கட்டை கொஞ்சம் வளைந்திருக்கும். சுற்றுக்கு ஒரு தடவை 'டக்' என்று தட்டும். அந்த 'டக்' கேட்டுக்கொண்டிருக்கும்வரை எல்லாம் சரியாக இருக்கிறது என்று நான் பாட்டுக்கு என் வேலையைப் பார்ப்பேன்.

அன்று கத்தரிக்கோல்களை எண்ணிக்கொண்டிருந்தேன். எங்கள் ஆஸ்பத்திரியில் கத்தரிக்கோல், தையல் ஊசி, ஊக்கு எல்லாவற்றையும் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் கதவைத் திறக்க மாட்டோம். நாலு, ஐந்து என்று எண்ணும்போதுதான் 'டக்' கேட்கவில்லை என்பது உறைத்தது.

திரும்பிப் பார்த்தேன். ஜன்னல் ஓரத்தில் பழனியம்மாள் உட்கார்ந்திருந்தாள். நூல் பிடித்த கை அப்படியே அந்தரத்தில் நின்றது. ரவிக்கை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. மாசி மாதத்து மைசூரில் யாருக்கும் அப்படி வியர்க்காது. கண் திறந்திருந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். கண் என் பக்கம் வரவில்லை.

"கல்லாயிட்டா பாருங்க சிஸ்டர்," என்றாள் பக்கத்தில் நின்ற ஆயா. "திரும்பவும் கல்லாயிட்டா. இத்தன நாள் பாடுபட்டதெல்லாம் போச்சு."

ஆயாவைச் சொல்லிக் குற்றமில்லை. பழனியம்மாள் வந்த புதிதில் அப்படித்தான் இருந்தாள். ஆனால் இது அந்த வியாதி இல்லை என்று எனக்குத் தெரியும். என்ன காரணம் என்பதும் அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். ஏனென்றால் காரணம் நான்தான்.

சுவர்க் கடிகாரம் மூன்றைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஈஸ்டருக்கு முன்னால் வரும் தபசுகாலத்து வெள்ளிக்கிழமை. ஆண்டவர் சிலுவையில் உயிர்விட்ட நேரம்.

இதை இங்கே நிறுத்திவிட்டுக் கொஞ்சம் பின்னால் போகிறேன். இல்லாவிட்டால் நான் செய்த காரியம் உங்களுக்கு விளங்காது.

விஜயநகரிலிருந்து ஒரு கடிதம்

போன வாரம் இந்தத் தொடரில் வார்டுச் சாவிக்கொத்தைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா. அதைப் படித்துவிட்டு விஜயநகரிலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார்கள். 'பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் கட்டிப் போடுவதையும் பூட்டி வைப்பதையும் தவிர நீங்கள் என்னதான் செய்தீர்கள்?' என்று கேட்கிறார்கள். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறார்கள். அதனால் சொல்கிறேன்.

கட்டிப் போட்டோம். பூட்டியும் வைத்தோம். இல்லை என்று சொன்னால் கடவுளுக்கு அடுக்காது.

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. மகாராஜா ராஜப்பிரமுகர் என்ற பெயரில் கவர்னர் மாதிரி இருந்த காலம். நான் எட்டாம் வகுப்பு வரைதான் படித்தவள். முதலில் வார்டில் துணி மடிக்கத்தான் சேர்ந்தேன். பிறகு பெங்களூருக்கு அனுப்பி ஆறு மாதம் மனநோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி கொடுத்தார்கள். பாடமெல்லாம் இங்கிலீஷ். சின்ன வயதில் ஞான உபதேசத்தை மனப்பாடம் செய்த மாதிரியே அதையும் செய்தேன். அர்த்தம் வார்டுக்கு வந்த பிறகுதான் விளங்கியது.

எங்களுக்கு முன்னால் அந்த இடத்தில் நர்ஸ் என்று யாரும் கிடையாது. வார்டர்கள்தான். இடுப்பில் சாவி, கையில் பிரம்பு. நாங்கள் வந்த பிறகு பிரம்பு போயிற்று. சாவி போகப் பல வருஷம் ஆனது.

ரொம்பவும் ஆர்ப்பாட்டம் செய்பவர்களுக்கு ஈரத்துணி வைத்தியம் உண்டு. படுக்கை விரிப்பைப் பச்சைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, பிறந்த குழந்தையைச் சுற்றுகிற மாதிரி கழுத்திலிருந்து கால்வரை சுற்றிவிடுவோம். முதலில் நடுங்குவார்கள், திட்டுவார்கள். பிறகு உடம்புச் சூட்டிலேயே துணி கதகதப்பாகிப் பலபேர் தூங்கிப்போவார்கள். எழுந்திருக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். நான் மனதுக்குள் செபமாலை சொல்லிக்கொண்டிருப்பேன்.

தூங்க வைக்கப் பாரால்டிஹைட் என்று ஒரு மருந்து. அதன் நாற்றம் சீலையில் ஏறினால் வெளுத்தாலும் போகாது. என் வீட்டுக்காரர் சூசை அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கிறவர். சாயங்காலம் நான் வாசலில் கால் வைப்பதற்குள், "தெரேசு, நீ கதவத் தட்டவே வேண்டாம். ஒன் வாசனை தெருமுனையிலயே சொல்லிட்டு வந்துடுது," என்பார்.

ஆறு கட்டில் அறை

அதற்கு மேல் ஒரு வைத்தியம் இருந்தது. அதுதான் இந்தக் கதைக்கு வேண்டியது.

இன்சுலின் என்றால் இப்போது சர்க்கரை வியாதிக்காரர் வீட்டில் ஃப்ரிட்ஜில் இருக்கிறது. அன்று அதை வேறு காரியத்துக்கு வைத்திருந்தோம். வியாதிக்காரர்களை இராத்திரியிலிருந்து பட்டினி போட்டு, காலையில் ஊசி போடுவோம். இரத்தத்தில் சர்க்கரை இறங்க இறங்க, வியர்த்துக் கொட்டி, பெயர் சொன்னாலும் கேட்காத மயக்கத்துக்குப் போவார்கள். டாக்டர் மணி பார்த்துச் சைகை காட்டியதும் மூக்கு வழியாகக் குழாய் விட்டுச் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றுவோம். கொட்டாவி விட்டுக்கொண்டு எழுந்திருப்பார்கள். அப்படி முப்பது நாள், நாற்பது நாள். மனது அந்த மயக்கத்திலிருந்து புதிதாக எழுந்து வரும் என்று அன்றைக்குப் படித்தவர்கள் நம்பினார்கள்.

ஆறு கட்டில். இரண்டு நர்ஸ். நாடி பார்ப்பது, மூச்சுப் பார்ப்பது, நனைந்த துணியை மாற்றுவது, வாயில் எச்சில் கோர்க்காமல் துடைப்பது. கண் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் போகக் கூடாது.

எழுந்த பிறகுதான் பெரிய ஜாக்கிரதை. உள்ளே போன மருந்து மத்தியானம்வரை வேலை செய்யும். மதியச் சாப்பாடு வயிறு நிறையச் சாப்பிடாவிட்டால் மறுபடியும் மயக்கம் வரும். அந்த இரண்டாவது மயக்கத்தை யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். ஆளே போய்விடலாம். அதனால் எங்கள் எல்லோருக்கும் பையில் எப்போதும் ஒரு சர்க்கரைப் பொட்டலம் இருக்கும். தட்டு காலியானதை நர்ஸ் கண்ணால் பார்த்து, சுவரில் தொங்கும் கரும்பலகையில் பெயருக்கு நேரே கோடு போட வேண்டும். கோடு இருந்தால் சாப்பிட்டாயிற்று என்று அர்த்தம். டாக்டர் வேறு எதையும் கேட்க மாட்டார்.

இந்த வைத்தியத்தைப் பிற்காலத்தில் கைவிட்டுவிட்டார்கள். குணம் தந்தது இன்சுலினே இல்லை என்று ஆராய்ச்சியில் சொன்னார்களாம். பேப்பரில் பார்த்து என் மகள் படித்துக் காட்டினாள். எனக்கு வருத்தம் வரவில்லை. ஒருவரும் தொடாமல் வருஷக்கணக்கில் மூலையில் கிடந்த ஒரு ஆளை, தினமும் ஐந்து மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்து, முகம் துடைத்து, ஊட்டி, பெயர் சொல்லி எழுப்பினோம். எதனால் குணமானதோ ஆண்டவருக்குத் தெரியும்.

பேசாத பெண்

பழனியம்மாள் கொள்ளேகால்காரி. அப்போது கொள்ளேகால் சென்னை ராஜ்யத்தில், கோயமுத்தூர் ஜில்லாவில் இருந்தது. மைசூருக்கு வர ராஜ்யம் தாண்டித்தான் வர வேண்டும். அவள் புருஷன் பொன்னுசாமி பட்டுத்தறி நெய்கிறவர். ஒல்லியாக, விரலெல்லாம் சாயம் ஏறி இருப்பார். மாதம் ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் வந்து, தாழ்வாரத்தில் பெண்டாட்டிக்கு எதிரே ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார். அவளும் பேச மாட்டாள், அவரும் பேச மாட்டார்.

ஆண் குழந்தை பிறந்து எட்டாம் நாள் இறந்துபோனதிலிருந்து அவள் வாய் திறக்கவில்லை. வைத்த இடத்தில் இருப்பாள். கையைத் தூக்கி விட்டால் தூக்கியபடியே நிற்கும். மூத்தது ஒரு பெண், சரசு, நாலு வயது. அந்தக் குழந்தையைக் கண்டால் மட்டும் எழுந்து தூரமாகப் போய்விடுவாளாம். ஏன் என்று யாருக்கும் புரியவில்லை.

ஒரு ஞாயிறு பொன்னுசாமி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஏனுங்க நர்சம்மா, இது எப்பங்க சரியாவும்?"

"டாக்டர் முப்பது ஊசி சொல்லியிருக்கார்."

"அண்ணமாருங்க சித்திரை வரைக்கும் பொறுத்துக்கறமுன்னு சொல்லிப்போட்டாங்க. அப்பறம் வேற பொண்ணு பாக்கறாங்களாமுங்க." துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். "நானு வேண்டாமுன்னுதான் சொல்றனுங்க. எத்தன நாளைக்குச் சொல்றது."

சித்திரைக்கு மூன்று மாதம் இருந்தது.

பத்து ஊசிக்குப் பிறகு அவள் கை தானாக இறங்கியது. பதினைந்துக்குப் பிறகு தொழில் அறைக்குக் கூட்டிப் போனோம். அங்கே ராட்டையைப் பார்த்ததும் யாரும் சொல்லாமலே உட்கார்ந்து தார் சுற்ற ஆரம்பித்தாள். தார் என்பது தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கிற நூல் உருளை. கொள்ளேகாலில் அதுதான் அவள் வேலை. கை எல்லாவற்றையும் நினைவு வைத்திருந்தது. வாய் மட்டும் திறக்கவில்லை.

"இன்னைக்கு என்ன கெழமைங்க?"

அந்த வெள்ளிக்கிழமை இருபத்தோராவது ஊசி. மயக்கத்திலிருந்து எழுந்து, கொட்டாவி விட்டு, நான் கொடுத்த பால் கஞ்சியில் பாதியை அரைத் தூக்கத்திலேயே குடித்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"இன்னைக்கு என்ன கெழமைங்க?" என்றாள்.

கையிலிருந்த துணி கீழே விழுந்துவிட்டது. ஏழு மாதத்தில் முதல் வார்த்தை.

"வெள்ளிக்கிழமை, பழனியம்மா."

விரல் மடக்கி ஏதோ எண்ணினாள். "அப்பக் கிருத்திகைங்களே."

எனக்கு அது தெரியாது. சமையற்கட்டுக்கு ஓடினேன். சமையல்கார பட்டரிடம் பஞ்சாங்கம் இருக்கும். அவர் கரண்டியோடு வந்து புரட்டிப் பார்த்து, "ஹௌதம்மா, இவத்து கிருத்திகே," என்றார். ஆமாம், இன்று கிருத்திகைதான்.

நாள், கிழமை எதுவும் இல்லாத ஒரு குழிக்குள் கிடந்த பெண் அவளாகவே எண்ணிச் சரியான நாளைச் சொல்லியிருக்கிறாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. தாழ்வாரத்தில் நின்று சேசுவே, மரியே, சூசையே என்று மூன்று தடவை சொன்னேன்.

மத்தியானம் தட்டு வந்தது. சோறு, சாம்பார், பீன்ஸ் பொரியல், தயிர். பழனியம்மாள் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"கிருத்திகைக்கு நானு ஒருசந்திங்க. வெளக்கு வெச்சுத்தான் சாப்படறது."

"ஊசி போட்ட அன்னைக்கு அதெல்லாம் கூடாது. சாப்பிடு."

"காலைல நீங்களே பட்டினி போட்டீங்க. அது உங்க ஊசிக்கு. மத்தியானம் ஒரு நேரம் என்ற சாமிக்கு இருந்துக்கறனுங்க."

"சர்க்கரைத் தண்ணி குடிச்சே, கஞ்சி குடிச்சே. அப்பவே ஒருசந்தி போச்சே."

"தூங்கறப்ப மூக்கு வழியா ஊத்துனதெல்லாம் சாமி சேத்துக்காதுங்க." சிரிக்கவில்லை. நிஜமாகவே சொன்னாள். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க சாப்புட்டீங்களா?" என்று கேட்டாள்.

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். நானும் அன்று ஒருசந்தி. தபசுகால வெள்ளி, சாயங்காலம் கோயிலில் சிலுவைப்பாதை முடித்துத்தான் எனக்குச் சாப்பாடு. எங்கள் வீட்டிலும் அதற்கு ஒருசந்தி என்றுதான் பெயர். என் வயிறு காய்வது புண்ணியம், இவள் வயிறு காய்ந்தால் மட்டும் குற்றம் என்று எந்த வாயால் சொல்வது?

ஏழு மாதம் கழித்து ஒரு பெண் ஒன்று கேட்கிறாள். அதுவும் கடவுளுக்காகக் கேட்கிறாள். கொடுத்துவிட்டேன்.

தட்டை மூடி அலமாரியில் வைத்தேன். கரும்பலகையில் எல்லோர் பெயருக்கும் நேரே கோடு போட்டேன். அவள் பெயருக்கும் போட்டேன். போடாவிட்டால் கேள்வி வரும். சாயங்காலம் சாப்பிடத்தானே போகிறாள், மூன்று நாலு மணி நேரம்தானே என்று நினைத்தேன்.

பக்தி இல்லாத ஒரு நர்ஸ் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டாள்.

ஒரு கோடு

இப்போது மறுபடியும் தொழில் அறைக்கு வருகிறேன்.

பையிலிருந்த சர்க்கரையை எடுத்து அவள் கன்னத்துக்குள் அடக்கினேன். விழுங்கவில்லை. நானும் ஆயாவும் சேர்ந்து தூக்கி வந்து கட்டிலில் போட்டோம். டாக்டர் வந்தார். அவர் கன்னடக்காரர். ஆனால் என்னிடம் தமிழ் பேசிப் பழக ஆசை, பாதியில் கன்னடம் வந்துவிடும்.

"ஊட்டா ஆயித்தா?" என்றார். சாப்பிட்டாளா என்று அர்த்தம். நான் வாய் திறப்பதற்குள் தலையைத் திருப்பிப் பலகையைப் பார்த்தார். "ஆயித்து. கோடு இருக்கு. அப்போ சர்க்கரை அல்ல. இது பழைய காயிலேயே திரும்பி வந்திருக்கு." காயிலே என்றால் வியாதி. "பாரால்டிஹைட் எடு. தூங்கட்டும். நாளையிலிருந்து இவளுக்கு ஊசி நிறுத்திடுவோம். பிரயோஜனம் இல்லை."

ஆயா மருந்துச் சீசாவை எடுக்கப் போனாள்.

அந்த மருந்து உள்ளே போனால் அவள் தூங்குவதாகத்தான் எல்லோரும் நினைப்பார்கள். யாரும் எழுப்ப மாட்டார்கள். என் கோடு அப்படியே இருக்கும். என் வேலையும் இருக்கும்.

இவ்வளவையும் நான் நினைத்தேன் என்று எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் நினைத்தேன். மூச்சு விடுகிற நேரம்தான். வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருந்தது. சூசையின் சம்பளம் அரிசிக்கும் வாடகைக்கும் போதாது.

"சாப்பிடலை சார்," என்றேன்.

"ஏனு?"

"சாப்பிடலை. அந்தக் கோடு பொய். நான்தான் போட்டேன்."

டாக்டர் குளுக்கோஸ் என்று கத்தினார். பெரிய ஊசியில் ஏற்றிக் கை நரம்பில் மெதுவாகத் தள்ளினார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்தக் கை மீன் மாதிரி குளிர்ந்திருந்தது. ஒரு ஊசி முடிந்து இன்னொன்று. வியர்வை நின்றது. உதடு அசைந்தது. பிறகு, கடவுளுக்குத் தோத்திரம், ஒரு பெரிய கொட்டாவி.

பழனியம்மாள் கண்ணைத் திறந்து எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

"வெளக்கு வெச்சாச்சுங்களா?" என்றாள்.

"ஏனந்தாளே?" என்றார் டாக்டர். என்ன சொல்கிறாள் என்று கேட்டார்.

எல்லாவற்றையும் சொன்னேன். கிழமை கேட்டது, விரல் மடக்கி எண்ணியது, பஞ்சாங்கம் பார்த்தது, நான் தட்டை மூடி வைத்தது. அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"கிருத்திகைன்னு இவளே சொன்னாளா? யாரும் எடுத்துக் கொடுக்கல?"

"இல்லை சார். எனக்கே தெரியாது."

"இதை ஏன் காலைலயே எனக்குச் சொல்லல?"

"சொன்னா விரதம் கூடாதும்பீங்க."

"கூடாதுன்னுதான் சொல்லியிருப்பேன். ஆனா சந்தோஷப்பட்டிருப்பேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இப்போ நனகே சந்தோஷமும் இல்லை, நினகே புத்தியும் இல்லை. போ. முதல்ல அவளைச் சாப்பிட வை. உன்னை அப்புறம் பார்க்கிறேன்."

இரண்டு பேர் ஒருசந்தி

அவள் சாப்பிட மறுத்தாள். உதட்டை இறுக மூடிக்கொண்டாள். டாக்டர் ஏற்றியது கொஞ்ச நேரம்தான் தாங்கும்.

"பழனியம்மா, உனக்கு என்ன பயம்?"

போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"பையன் வயித்துல இருக்கறப்ப ஒரு கிருத்திகைக்குப் பசி தாங்கலைங்க. யாருக்கும் தெரியாமப் பழைய சோத்தத் தின்னுபோட்டேன். அதானுங்க சாமி பையன எடுத்துக்கிச்சு. இப்பவும் முறிச்சா சரசுவையும் எடுத்துக்குமுங்க. நானு கிட்டப் போனாலே அவளுக்கு ஆவாதுங்க."

ஏழு மாதம் அந்தப் பெண் கல்லாக உட்கார்ந்திருந்தது இதற்காகத்தான். பெற்ற குழந்தையைக் கண்டு எழுந்து ஓடியதும் இதற்காகத்தான்.

சாமி அப்படியெல்லாம் செய்யாது என்று சொல்ல வாய் வந்தது. அதை யாரும் சொல்லலாம், சொல்லிக்கொண்டும் இருந்திருப்பார்கள். அலமாரியைத் திறந்து தட்டை எடுத்து வந்தேன். அவள் கட்டிலிலேயே உட்கார்ந்தேன்.

"எனக்கும் இன்னைக்கு ஒருசந்தி. எங்க சாமி செத்த கிழமை. வீட்டுல எனக்கும் ஒரு பொண்ணு இருக்கா, ரெண்டு வயசு. பாரு, நான் முதல்ல முறிக்கிறேன்."

சோற்றைப் பிசைந்து ஒரு வாய் போட்டேன்.

சாம்பார் ஆறிப்போயிருந்தது. அதில் உப்பு இருந்ததா என்று கேட்டால் தெரியாது. அந்த ஒரு வாயை விழுங்கும்போது எனக்கும் பயமாகத்தான் இருந்தது. என் மகள் முகம் கண் முன்னால் வந்து நின்றது. விழுங்கிவிட்டேன்.

பழனியம்மாள் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க பொண்ணுக்கு ஒண்ணும் ஆவாதுங்களா?"

"ஆகாது. நாளைக்குத் தூக்கிட்டு வந்து காட்டறேன். நீயே பார்த்துக்கோ."

இரண்டாவது உருண்டையை நீட்டினேன். வாயைத் திறந்தாள்.

மறுநாள்

அன்று சாயங்காலம் சூசையிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். "வேலை போனாப் போகட்டும் விடு," என்றார். "மூக்கப் பொத்தாமத் தூங்கி நாலு வருஷமாச்சு." பிறகு எழுந்து போய்த் தொட்டிலில் குழந்தையின் போர்வையைச் சரிசெய்துவிட்டு வந்தார். அவருக்கும் பயம்தான் என்று தெரிந்துகொண்டேன்.

மறுநாள் காலை மகளைத் தூக்கிக்கொண்டு போனேன். வார்டுக்குள் குழந்தை வரக்கூடாது. தாழ்வாரக் கம்பிக்கு வெளியே நின்றேன். பழனியம்மாள் உள்ளேயிருந்து கையை நீட்டிக் குழந்தையின் மூக்குக்குக் கீழே விரல் வைத்துப் பார்த்தாள். மூச்சு வருகிறது. கன்னத்தைத் தொட்டாள். என் மகள் அந்த விரலைப் பிடித்து வாயில் வைத்துக் கடித்துவிட்டாள்.

"பல்லு நல்லா மொளைச்சிருக்குதுங்களே," என்றாள் பழனியம்மாள். விரலை எடுக்கவே இல்லை.

அந்த ஞாயிறு கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்தேன். முதல் பாவம், பொய்க் கோடு போட்டது. இரண்டாவது, தபசுகால ஒருசந்தியை மூன்று மணிக்கு முறித்தது. பங்குச் சாமியார் வயதானவர். முதல் பாவத்துக்கு மூன்று நாள் செபமாலை சொல்லச் சொன்னார்.

"ரெண்டாவதுக்கு சாமி?"

"ரெண்டாவது எதுவும் என் காதுல விழலையே."

கொஞ்சம் உரக்கச் சொன்னேன்.

"வயசாயிடுச்சும்மா. காது மந்தம். எழுந்து போ," என்றார்.

டாக்டர் என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. ஒரு வாரம் ஆறு கட்டில் அறைப் பக்கமே வரக்கூடாது, கத்தரிக்கோல் மட்டும் எண்ணு என்றார். வாரம் முடிந்ததும் கூப்பிட்டார். ஒவ்வொரு வியாதிக்காரருக்கும் என்னென்ன விரதம் என்று அவர்களையும் வீட்டாரையும் கேட்டு எழுதி வரச் சொன்னார்.

எழுதிக்கொண்டு போனேன். திங்கள், வெள்ளி, சனி, ஏகாதசி, சங்கட சதுர்த்தி, கிருத்திகை. கடைசிக் கட்டில் அம்மாளுக்கு ரம்ஜான் மாதம் முழுக்க. ஊசி என்றாலே அலறும் ஒரு பெண், எனக்குத் தினமும் விரதம் என்று சொல்லியிருந்தாள். அதையும் எழுதியிருந்தேன்.

டாக்டர் படித்துவிட்டுத் தலையில் கை வைத்தார். "இப்படிப் போனா ஊசி போட நாளே சிக்காது." ஆனாலும் அவரவர் முக்கியமான நாளைக் குறித்துச் சமையற்கட்டுப் பஞ்சாங்கத்துக்குப் பக்கத்தில் மாட்டினோம். அன்றைக்கு ஊசி இல்லை. நிம்மதியாக விரதம் இருக்கலாம். அதோடு இன்னொரு ஏற்பாடும் வந்தது. ஊசி போட்டுக்கொள்கிறவர்கள் எல்லோரும் முந்தானையில் கொஞ்சம் சர்க்கரை முடிந்து வைத்துக்கொள்ள வேண்டும். தலை சுற்றினால் உடனே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும்.

அடுத்த கிருத்திகைக்குப் பழனியம்மாள் விளக்கு வைத்துத்தான் சாப்பிட்டாள். விளக்கை நான்தான் ஏற்றிக் கொடுத்தேன். தீக்குச்சி வியாதிக்காரர் கையில் கொடுக்கக் கூடாது.

கொள்ளேகால் பஸ்

மீதி ஊசியெல்லாம் முடிந்து, சித்திரை பிறக்க நாலு நாள் இருக்கும்போது, அவளை வீட்டுக்குக் கூட்டிப்போகப் பொன்னுசாமி சரசுவோடு வந்தார். குழந்தை அப்பாவின் வேட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. பழனியம்மாள் எழுந்து ஓடவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே, "சரசு, தலை வாரி எத்தன நாளாச்சு?" என்று மட்டும் கேட்டாள். பொன்னுசாமி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எனக்கு அன்று மத்தியானத்தோடு வேலை முடிந்தது. பஸ் ஏற்றிவிடலாம் என்று கூடவே போனேன். நரசிபுரம் வழி கொள்ளேகால் போகும் பஸ், கூரையெல்லாம் மூட்டை. ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. பஸ் கிளம்புவதற்குள் சரசு அம்மா மடியில் தலை வைத்துத் தூங்கிவிட்டது.

பழனியம்மாள் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தாள்.

"நர்சம்மா, மத்தியானம் சாப்டீங்களா?"

அந்த ஆஸ்பத்திரியில் அத்தனை வருஷம் நான் எல்லோரையும் கேட்ட கேள்வி. இவளைத் தவிர என்னை யாரும் கேட்டதில்லை. சாப்பிடவில்லை. இவர்களோடு கிளம்பி வந்த அவசரத்தில் மறந்துபோயிருந்தேன். அவளிடம் பொய் சொல்ல வாய் வரவில்லை. இல்லை என்று தலையாட்டினேன்.

குழந்தை எழுந்துவிடாமல் முந்தானையை மெதுவாக இழுத்தாள். முனையில் இருந்த முடிச்சைப் பல்லால் அவிழ்த்தாள்.

"கையக் காட்டுங்க. வெயில்ல நிக்கறீங்க, மயக்கம் வந்துரும்."

ஜன்னலுக்குக் கீழே கையை ஏந்தினேன். கொஞ்சம் சர்க்கரை விழுந்தது.

"இப்பவே போட்டுக்கணுமுங்க. நானு பாக்கோணும்," என்றாள்.

அவள் பார்க்கவே வாயில் போட்டுக்கொண்டேன். பஸ் கிளம்பியது.